சேர்க்கைப் பதிவேட்டில் அக்கா எழுதியது

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும் வணக்கம். அட்டையில் உள்ள படம் தேர்தல் பணி அடையாள அட்டைக்காக எடுத்தது. அதைவிட நல்ல படம் எங்களிடம் இல்லை.

இதுபோன்ற மலர்களில் குறை எழுதுவது வழக்கமில்லை. ஆனால் அடக்கத்தன்று ஆராதனையில் குறை சொல்லப்பட்டது. "நம் சகோதரியிடத்தில் சில தவறுகள் இருந்தன, கர்த்தர் அவைகளை மன்னிப்பாராக" என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். பெட்டி அவருக்கு முன்னால் திறந்திருந்தது. என்ன தவறு என்று அவர் சொல்லவில்லை. அதனால் கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாக முடித்துக்கொண்டார்கள். பள்ளிப் பதிவேட்டைத் திருத்தினார் என்றார்கள் சிலர். கையூட்டு வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் மதத்தை மாற்றி எழுதினார் என்றார்கள் வேறு சிலர். அக்கா மீதான விசாரணை இன்றுவரை முடிக்கப்படவில்லை. ஆவணப்படி அவர் குற்றம் சாட்டப்பட்டவராகவே இறந்திருக்கிறார். நான் இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்தித்தாள் ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். பாதியில் நிறுத்திய வாக்கியம் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மீதியை இங்கே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது உத்திரமேரூருக்கும் திருமுக்கூடலுக்கும் இடையிலுள்ள எங்கள் ஊர்க் காலனியில். தந்தையார் அறுவடைக் காலத்தில் வயல் வேலைக்கும் மற்ற நாட்களில் கல் உடைக்கவும் போனவர். தாயார் நடவுக்குப் போனவர். அக்கா பிறந்த மறு வருடம் இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். காரணம் கேட்டவர்களுக்குத் தந்தையார் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "உள்ள வந்து ஒக்காருன்னாங்க. ஒக்காந்தேன்."

ஆலயத்தை ஒட்டிச் சபையின் தொடக்கப்பள்ளி இருந்தது. மூன்று அறைகள், ஓட்டுக்கூரை, அரசு உதவி பெறும் பள்ளி. ஐந்து வயதில் அக்காவை அங்கே சேர்த்தபோது, மதம் என்ன என்று கேட்ட தலைமையாசிரியரிடம் தந்தையார் பெருமையாகக் "கிறிஸ்தவம்" என்றார். அந்தச் சொல்லின் விலை அவருக்கு அப்போது தெரியாது. அக்கா உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடம் தெரிந்தது. அருகிலிருந்த அரசு விடுதி ஆதிதிராவிட மாணவியருக்கானது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு அதில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா தினமும் உத்திரமேரூருக்கு நடந்தார்.

அக்காவைவிட நான் ஒன்பது வயது இளையவன். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அக்காதான். அன்று நடந்த பேச்சை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"இவன இந்துன்னு போட்ருங்க சார்" என்றிருக்கிறார் தந்தையார்.

"இன்னா நைனா இது? போன ஞாயித்துக்கெயமதான இவனுக்கு ஜெபம் பண்ணாங்க?"

"பண்ணட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? உன்ன கிறிஸ்டீன்னு சொல்லிட்டு வந்தேன், நீ தெனம் நடந்துக்கினு கீற. இவனும் நடக்கணுமா?"

"அது பொய் நைனா."

"சாமிக்கு நெசம் தெரியும். கவர்மெண்டுக்குத் தெரிஞ்சாதான் பேஜாரு. நீ சும்மா இரு."

தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே எழுதினார். ஒரே வீட்டில், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவரில் அக்கா பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கிறிஸ்தவர் ஆனார். நான் பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து ஆனேன்.

வெளியூர் நண்பர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் சட்டப்படி அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார். தமிழ்நாட்டில் அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. மதம் மாறியதால் அவர் குடியிருக்கும் தெரு மாறுவதில்லை. டீக்கடையில் அவரைக் கூப்பிடும் விதம் மாறுவதில்லை. பட்டியல் மட்டும் மாறும். எனக்கு விடுதி கிடைத்தது, உதவித்தொகை கிடைத்தது, கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று நான் ஆலயத்துக்கும் போவதில்லை, அம்மன் கோயிலுக்கும் போவதில்லை. எந்தச் சாமியையும் கும்பிடாத நான் பதிவேட்டின்படி இந்து. அதில் அரசுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்து, படித்த பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்களைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. அச்சு போன்ற கையெழுத்து என்பதால் சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அவரிடமே கொடுத்துவிட்டார். சபையின் மாதக் கடிதத்தில் உள்ள எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து, அடுத்த ஞாயிறு போதகரிடமே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அக்காவுக்கு உண்டு. மூன்று போதகர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். நாலாமவர் பொறுக்கவில்லை; அடக்கத்தன்று பிரசங்கித்தவர் அவர்தான்.

இனி அந்தத் தவறு. ஆம், அக்கா ஒரு தவறு செய்தார்.

எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைக்கு ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் வைப்பது வழக்கம். எங்கள் தெரு அஞ்சலை தன் மகளைச் சேர்க்க வந்தார். ஆலயத்தில் எஸ்தர், பள்ளிக்குக் கவிதா. "பேரு கவிதா, மதம் இந்து" என்றார் அஞ்சலை. அக்கா பெயரைச் சொன்னபடி எழுதினார். மதத்தைக் "கிறிஸ்தவம்" என்று எழுதினார். முந்தின நாள் ஆராதனையில் அஞ்சலை இரண்டு வரிசை முன்னால் குழந்தையோடு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். பெயர் இரண்டு இருக்கலாம், விசுவாசம் இரண்டு இருக்க முடியாது என்பது அவர் எண்ணம். வேறெந்த ஆசிரியரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். தாய் அளிக்கும் வாக்குமூலத்தை அப்படியே எழுதியிருப்பார். தாயோடு சேர்ந்து பாட்டுப் பாடுகிற ஆசிரியைதான் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைத் திங்கட்கிழமை எழுதுவார். எழுதியதை அவர் வாசித்துக் காட்டவில்லை. அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு ஆண்டுகள் அது யாருக்கும் தெரியவில்லை. கவிதா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, மாற்றுச் சான்றிதழைப் பார்த்த தாலுக்கா அலுவலகம் பட்டியல் சாதிச் சான்று தர மறுத்தது. அன்று மாலையே அஞ்சலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் விடுமுறைக்கு வந்து உள்ளே செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சரம்மா, நான் அன்னிக்கு இன்னா சொன்னேன், நீ இன்னா எழுதின?"

"நீ ஞாயித்துக்கெயம நம்ம கோயிலுக்கு வர்ற அஞ்சல. அதான் எழுதினேன்."

"நான் கோயிலுக்கு வர்றது எனக்கும் சாமிக்கும் உள்ளது. தாலுக்கா ஆபீசுல சாமியா ஒக்காந்துக்கினு கீறாரு?"

அக்கா முக்காலியை நகர்த்திப் போட்டார். அஞ்சலை உட்காரவில்லை.

"உன் தம்பிக்கு உங்க நைனா இன்னா போட்டாரு? அவுரு மட்டும் பேப்பர் ஆபீசுக்குப் போலாம், எம் பொண்ணு ஊசி போடக் கத்துக்கக் கூடாதா? அது இன்னா நாயம், நீயே சொல்லு."

நான் எழுந்து வாசலுக்குப் போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தையும் திருப்பவில்லை.

மறுநாள் காலை அக்கா ஒரு கடிதம் எழுதினார். அதன் நகல் எங்களிடம் இருக்கிறது. முழுவதையும் தருகிறேன்:

"இம்மாணவியின் தாய் சேர்க்கையின்போது மதம் இந்து என்று தெரிவித்தார். நான் அதை எழுதாமல், எனக்குத் தெரிந்ததை வைத்துக் கிறிஸ்தவம் என்று எழுதினேன். எழுதியதைத் தாய்க்கு வாசித்துக் காட்டவில்லை. தவறு என்னுடையது. மாணவிக்கோ தாய்க்கோ அதில் பங்கில்லை."

நீளமான கட்டுரைகளைச் சுருக்குவது என் தொழில். இந்தக் கடிதத்தில் எடுத்துவிடக்கூடிய சொல் ஒன்றுமில்லை.

அந்தக் கடிதத்தோடு அக்காவும் அஞ்சலையும் அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள். பள்ளியை விட்டுப் போன பிறகு பதிவேட்டைத் திருத்த முடியாது என்றது ஓர் அலுவலகம். இது எங்களிடம் வரவேண்டிய விஷயமே இல்லை என்றது இன்னோர் அலுவலகம். மூன்றாவது அலுவலகத்தில் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். சேர்க்கைக்கான நாள் கடந்துபோயிற்று. கவிதா நர்சிங் படிக்கவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். இன்றும் காலையில் கம்பெனி வேன் வந்துதான் அவரை ஏற்றிப் போகிறது.

அந்த வருடத்திலிருந்து அக்காவின் வேலை முறை மாறியது. ஜூன் மாதத்துக்கு முன்பே வீடு வீடாகப் போவார். எதை எழுதினால் எந்தச் சான்றிதழ் கிடைக்கும், எந்த விடுதி கிடைக்காது என்பதைச் சொல்வார். எதை எழுதலாம் என்று மட்டும் சொல்ல மாட்டார். பெற்றோர் சொன்னதை எழுதுவார், உரக்க வாசித்துக் காட்டுவார், இன்னொரு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவார். தலைமையாசிரியையான பிறகும் இந்த வேலையை உதவியாசிரியையிடம் விடவில்லை. ஒரு முறை ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலர் பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இந்தப் பிள்ளைங்கள்ல பாதி உங்க சர்ச்சுல பாட்டுப் பாடுதாமே?"

"பாடுதுங்க சார். நல்லாவே பாடுது."

"அப்புறம் எப்படி இந்துன்னு எழுதினீங்க?"

"பெத்தவங்க சொன்னாங்க, எழுதினேன். வாசிச்சும் காட்டினேன்."

"நீங்கதான் கண்ணால பாக்கறீங்களே."

"ஞாயித்துக்கெழம நான் ஹெட்மிஸ்ட்ரஸ் இல்லீங்க சார்."

அலுவலர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய் ஆய்வுக் குறிப்பில் "ஐயத்திற்குரிய பதிவுகள்" என்று எழுதினார். பொய் சொன்னால் படிப்பு, மெய் சொன்னால் வேன் என்று விதி வகுத்தது அரசு. அந்த விதியின் கீழ் ஏழைகள் பேசியதை உள்ளபடி எழுதிய ஆசிரியைமீது ஐயப்பட்டதும் அதே அரசு.

அரசோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சபை நிர்வாகம் அதே வளாகத்தில் கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கத் திட்டமிட்டது. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் பழைய பள்ளியில் ஏற்கெனவே ஆசிரியர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். சிறுபான்மை நிறுவனம் என்ற தகுதி இருந்தால், தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய இலவச இடங்களைப் புதிய பள்ளி ஒதுக்க வேண்டியதில்லை. அந்தத் தகுதிக்குப் பழைய பள்ளியின் பதிவேட்டில் கிறிஸ்தவப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்றார் தாளாளர். எண்ணிக்கை இல்லை. அக்காவை அழைத்தார். உதவியாசிரியையும் உடனிருந்தார், பேசியதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

"சபைப் பிள்ளைங்கள எல்லாம் இந்துன்னு எழுதி வெச்சிருக்கீங்க. ஞானஸ்நானப் பதிவேட்டப் பாத்து மாத்திக் குடுங்க."

"பெத்தவங்கள வரச் சொல்லட்டுமா ஐயா?"

"அவங்க எதுக்கு? உங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சத எழுதித்தான் ஒரு பொண்ணு இன்னிக்குக் கம்பெனி வேன்ல போகுது. நீங்க கட்டப் போற ஸ்கூல்ல இந்தப் புள்ளைங்களுக்கு எத்தினி எடம் ஐயா?"

"அது வேற விஷயம்."

அது வேறு விஷயம் அல்ல. எண்ணிக்கை காட்டும்போது அந்தப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும். இடம் கேட்கும்போது அவர்கள் யாராகவும் இருக்கக் கூடாது. நிர்வாகம் கேட்டது இதைத்தான், இதற்கு மேல் எதையும் அல்ல.

அக்கா பதிவேட்டை மாற்றவில்லை. ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு: சேர்க்கைப் பதிவேட்டில் மதத்தைப் பொய்யாக எழுதியது. சான்று: பதினாறு ஆண்டுகளுக்கு முன் கவிதாவுக்காக எழுதி, கோப்பில் கிடந்த அதே கடிதம். அந்தக் கடிதத்தில் "நான் அதை எழுதாமல்" என்ற இடத்தின் கீழ் யாரோ கோடு போட்டிருந்தார்கள். செய்த தவற்றை ஒப்புக்கொண்டு அறிக்கை செய்யுங்கள் என்று வாராவாரம் சொல்லும் சபை, தன் பள்ளியில் அறிக்கை செய்த ஒரே ஆளை அந்த அறிக்கையை வைத்தே வெளியேற்றியது.

விசாரணை மூன்று முறை ஒத்திவைக்கப்பட்டது. நிலுவையில் இருந்ததால் ஓய்வு பெறவும் அனுமதியில்லை. அக்கா ஒரு ஞாயிறும் ஆலயத்துக்குப் போகாமல் இருக்கவில்லை; எப்போதும் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தார். மாதக் கடிதத்தில் பிழை திருத்துவதையும் நிறுத்தவில்லை. இதற்கிடையில் தமிழ் வழிப் பள்ளியில் பிள்ளைகள் போதவில்லை என்று சொல்லி அதை மூடினார்கள். காலனிப் பிள்ளைகள் இப்போது அடுத்த ஊர் ஒன்றியப் பள்ளிக்குப் போகிறார்கள். புதிய பள்ளியின் மதிலில் "கிறிஸ்தவ நற்பண்புகளுடன் கூடிய உயர்தரக் கல்வி" என்று நீல எழுத்தில் எழுதியிருக்கிறது. அந்த மதிலுக்கு எதிர்ப்புறம்தான் அஞ்சலையின் வீடு.

விசாரணையில் அக்கா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரே வீட்டில் தான் கிறிஸ்தவராகவும் தன் தம்பி இந்துவாகவும் பதியப்பட்டிருப்பதைக் காட்டியிருந்தால், பிழை எழுதிய கையில் இல்லை, விதியில் இருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். அவர் காட்டவில்லை. காஞ்சிபுரம் மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில் அதைப் பற்றிக் கேட்டேன்.

"உன் பேர எதுக்கு அதுல இயுக்கணும்?" என்றார்.

"நானே எழுதியிருக்கலாமே அக்கா. பேப்பர்ல இருக்கேனே."

"எழுதியிருக்கலாம்" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

நான் எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. பொய்யில் ஏறி வந்தவன் என்று அலுவலகத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். பத்திரிகையில் எத்தனையோ பேரின் சான்றிதழ் பிரச்சினைகளைப் பற்றிய செய்திகளை நான் திருத்தி வெளியிட்டிருக்கிறேன். அக்காவின் பிரச்சினையை மட்டும் வெளியிடவில்லை. அடக்க ஆராதனையில் போதகர் அந்த வாக்கியத்தைச் சொன்னபோதும் நான் முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போதகரைக் கேட்டவர் அஞ்சலை.

"அவங்க தப்பு பண்ணது என் பொண்ணுக்கு. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். நடுவுல நீ யாரு ஐயரே?"

போதகர் பாட்டு எண்ணை அறிவித்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் அக்காவின் படுக்கையைப் பார்த்துக்கொண்ட இரவுப்பணி செவிலியர்கள், ஊருக்கும் காஞ்சிபுரத்துக்கும் சலிக்காமல் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பி, விசாரணைக்கு ஒவ்வொரு முறையும் அக்காவோடு பேருந்தில் வந்த உதவியாசிரியை, கம்பெனியில் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று இரண்டு நாள் விடுப்பெடுத்து அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்த கவிதா, அஞ்சலை. இவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. நிர்வாகத்துக்கும் சபைக்கும் இந்தப் பக்கத்தில் நன்றி இல்லை.

இந்த மலரின் ஒரு பிரதி விசாரணை அலுவலருக்குப் பதிவுத் தபாலில் போகிறது. இறந்தவர் மீதான குற்றச்சாட்டைக் கைவிட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அதை விசாரித்து முடிக்க வேண்டும் என்று கேட்கிறோம். அதற்கு உதவியாக, அக்கா எழுதிய முறையிலேயே என் வாக்குமூலத்தையும் இத்துடன் தருகிறேன்:

"என் தந்தை என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது மதம் இந்து என்று தெரிவித்தார். அவர் கிறிஸ்தவர் என்பது எழுதியவருக்குத் தெரியும். நான் அதனால் படித்தேன். அதே வீட்டில் அதே தந்தை உண்மையைச் சொன்னதால் என் அக்கா ஐந்து ஆண்டுகள் நடந்தார். இதை அக்கா உயிரோடிருக்கும்போது சொல்லாத தவறு என்னுடையது. அவருக்கு அதில் பங்கில்லை."

கீழே என் கையெழுத்து இருக்கிறது. எழுதியதை அஞ்சலைக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "செரி, போடு" என்றார்.